உப்புக் காற்றில் புதிய இயந்திரங்கள்: வாசகர் கேள்வி – பதில்

தொழில்நுட்பம் மாறும்போது தொழில்களுக்கு என்ன நேர்கிறது, அதில் பொறியாளரின் கடமை எது வரை நீள்கிறது என்ற பொருளில் கேள்விகள் அனுப்பும்படி சென்ற இதழில் கேட்டிருந்தோம். தொண்டி முதல் வாலிநோக்கம் வரையிலான இராமநாதபுரம் கரையோரக் கடிதங்களை மட்டும் இம்முறை எடுத்துக்கொள்கிறேன். பெயரைப் போட வேண்டாம் என்று பலர் கேட்டிருப்பதால் தொழிலை மட்டும் குறிப்பிடுகிறேன்.

கேள்வி: பக்கத்துப் படகுக்காரர் கடலுக்கடியில் மீனைக் காட்டும் புதிய எக்கோ சவுண்டர் வாங்கிவிட்டார். அதை விற்கும் நிறுவனத்தின் பொறியாளர், எனக்கும் தவணையில் தருவதாகச் சொல்கிறார். வாங்காவிட்டால் தொழிலில் பின்தங்கிவிடுவேன் என்கிறார். வாங்கலாமா?
– விசைப்படகு உரிமையாளர், மண்டபம்

பதில்: எவ்வளவு ஆழமான கடலுக்காக இந்தக் கருவி செய்யப்பட்டது என்று அவரிடம் முதலில் கேளுங்கள். அவர் காட்டிய விளக்கப் படத்தில் நூறு, இருநூறு மீட்டர் ஆழத்தில் மீன்கூட்டம் சிவப்புத் திட்டாகத் தெரிந்திருக்கும். நீங்கள் மடி (கடலடியை வாரும் இழுவை வலை) இழுக்கும் வடகடலில், அதாவது பாக் விரிகுடாவில், பெரும்பகுதிக்கு 15 மீட்டர் ஆழம்கூடக் கிடையாது. படகின் அடிப்பகுதியில் பொருத்தப்படும் உணரி, ஒலித்துடிப்பைக் கூம்பு வடிவில் கீழே அனுப்புகிறது. அந்தக் கூம்பு 20 பாகை விரிவுள்ளது என்று வைத்துக்கொண்டால், 10 மீட்டர் ஆழத்தில் அது தரையில் காட்டும் வட்டம் ஏறக்குறைய மூன்றரை மீட்டர் அகலந்தான். உங்கள் படகின் அகலத்தைவிட அது பெரிதல்ல. மேலும், மீனிடமிருந்து திரும்பி வரும் எதிரொலியின் பெரும்பங்கு அதன் காற்றுப்பையிலிருந்து வருவது. இறாலுக்குக் காற்றுப்பை இல்லை. சேற்றோடு சேறாகக் கிடக்கும் இறாலைத் திரையில் பிரித்தறிவது மிகக் கடினம். உங்கள் வருமானத்தில் இறாலின் பங்கு பெரிது என்றால், தென்கடலுக்கு, அதாவது மன்னார் வளைகுடாவுக்கு, அப்பால் ஆழ்கடலில் தங்கி மீன்பிடிப்பவருக்குப் பயன்படும் கருவிக்கு நீங்கள் தவணை கட்டிக்கொண்டிருப்பீர்கள்.

அடுத்தது கணக்கு. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். மீதமுள்ள 304 நாள் ஏறக்குறைய 43 வாரம். உங்கள் கரையில் விசைப்படகுக்கு வாரத்தில் மூன்று நாள், நாட்டுப்படகுக்கு மீதி நாள் என்ற ஏற்பாடு நடப்பில் இருப்பதால், ஆண்டு முழுவதும் ஒரு தொழில்நாள்கூடத் தவறாமல் போனாலும் 130 நாளைத் தாண்டாது. அதிலும் புயல் எச்சரிக்கை, வேலைநிறுத்தம், இயந்திரப் பழுது ஆகியவற்றைக் கழிக்க வேண்டும். வட்டியோ 365 நாளும் ஓடும். அந்தப் பொறியாளரின் விலைப்பட்டியலில் இந்தக் கணக்கு இருந்ததா?

பின்தங்கிவிடுவீர்கள் என்ற சொல்லைப் பற்றியும் கொஞ்சம் யோசிக்க வேண்டும். ஒரு துறைமுகத்தில் ஒருவரிடம் மட்டும் கருவி இருக்கும்வரை அது அவருக்கு இலாபம். எல்லாரிடமும் வந்துவிட்டால் கடலில் மீன் கூடுவதில்லை, கடன் மட்டுமே கூடுகிறது. இந்தக் கரை இதை ஏற்கெனவே பார்த்திருக்கிறது. இழுவை மடியும் டீசல் இயந்திரமும் அரசின் ஊக்கத்தோடு பரவியபோது இறாலுக்கு நல்ல விலை இருந்தது, கடனும் எளிதாகக் கிடைத்தது. நாட்டுப்படகுக்காரரின் வலை என்னவாகும் என்று வடிவமைத்தவர்களும் கேட்கவில்லை, விற்றவர்களும் கேட்கவில்லை. மோதல் முற்றிய பிறகுதான் 1983-இல் தமிழ்நாடு கடல் மீன்பிடி ஒழுங்குபடுத்தும் சட்டம் வந்து, கரையிலிருந்து மூன்று கடல் மைலுக்குள் இழுவைப் படகு தொழில் செய்யக் கூடாது என்று வரம்பு கட்டியது. இயந்திரத்தில் குறையில்லை. அதைக் கொண்டுவந்தவர்கள் கடலை அளந்தார்களே தவிர, அதில் ஏற்கெனவே தொழில் செய்துகொண்டிருந்தவர்களைக் கணக்கில் சேர்க்கவில்லை.

பாக் விரிகுடாவின் இழுவைப் படகுகளை விலக்கி ஆழ்கடல் சூரைப் படகுகளைக் கொண்டுவர 2017-இல் தொடங்கப்பட்ட திட்டத்தையும் இங்கே நினைக்கலாம். படகு ஒன்றுக்கு 80 இலட்ச ரூபாய் மதிப்பிட்டு, அதில் 70 விழுக்காட்டை மத்திய, மாநில அரசுகள் மானியமாகத் தருவதாக அறிவித்தும், எதிர்பார்த்த அளவுக்கு மீனவர்கள் சேரவில்லை. இரவு போய்க் காலையில் திரும்பும் பழக்கமுள்ளவர்களிடம் வாரக்கணக்கில் கடலில் தங்கும் தொழிலைக் கொடுத்தார்கள். அதற்கான கைப்பழக்கம், குளிரூட்டு வசதி, சூரை வாங்கும் சந்தை ஆகியவை படகோடு சேர்ந்து வரவில்லை. படகை வடிவமைத்தவர்கள் தொழிலை வடிவமைக்கவில்லை என்பது என் கருத்து.

உங்களிடம் வந்தவர் விற்பனைத் தொகையில் பங்கு பெறுபவராக இருக்கலாம். அதனால் அவர் பொறியாளர் இல்லை என்று ஆகிவிடாது. கருவி எந்த ஆழத்தில், எந்த மீனுக்குப் பயன்படாது என்பதையும் எழுதித் தரச் சொல்லுங்கள். தயங்கினால் அதுவே உங்களுக்குப் பதில்.

கேள்வி: நான் ஓர் ஐஸ் ஆலையில் பராமரிப்புப் பொறியாளர். அம்மோனியா கலன்களுக்கும் குழாய்களுக்கும் செய்ய வேண்டிய சோதனையை இம்முறை செய்யவில்லை. மீன்வரத்து அதிகமான நேரம், ஆலையை நிறுத்தினால் நட்டம் என்கிறார் முதலாளி. சென்ற முறை எழுதிய எண்களையே எழுதிக் கையெழுத்திடச் சொல்கிறார். புதிதாக வைத்த தானியங்கிக் கட்டுப்பாட்டுப் பலகை எல்லாவற்றையும் பார்த்துக்கொள்ளும் என்பது அவர் வாதம். எனக்குக் குடும்பம் இருக்கிறது.
– பெயரும் ஊரும் வேண்டாம் என்று எழுதியவர்

பதில்: கையெழுத்திடாதீர்கள். காரணத்தையும், அடுத்து என்ன செய்வது என்பதையும் விரிவாகச் சொல்கிறேன், ஏனெனில் வந்த கடிதங்களில் இதுவே மிகக் கனமானது.

அந்தப் பலகைக்கு என்ன தெரியும், என்ன தெரியாது என்று பாருங்கள். அழுத்தம், வெப்பநிலை, திரவ மட்டம், மோட்டாரின் மின்னோட்டம் ஆகியவை அதற்குத் தெரியும். குழாயின் சுவர் எவ்வளவு மெலிந்திருக்கிறது என்பது தெரியாது. ஐஸ் ஆலையில் குளிர்க்குழாய்களைச் சுற்றிக் காப்புறை போடுகிறோம்; அதன் வெளித்தோலில் விரலளவு கிழிசல் விழுந்தால்கூட, கடற்காற்றின் ஈரமும் உப்பும் உள்ளே புகுந்து, குளிர்ந்த இரும்பின்மேல் நீராகி, வெளியே எந்த அடையாளமும் காட்டாமல் அதைத் தின்னத் தொடங்கும். வெளியிலிருந்து பார்த்தால் காப்புறை நன்றாக இருக்கும். உள்ளே குழாய் காகிதமாகியிருக்கும். இதைக் கண்டுபிடிக்க நம்பகமான வழி, முழங்கைவளைவு, தாங்கியில் உட்காரும் இடம், வால்வை ஒட்டிய பகுதி ஆகிய சந்தேகத்துக்குரிய இடங்களில் காப்புறையை வெட்டித் திறந்து, துருவைச் சுரண்டி, மீயொலித் தடிமன் அளவியை வைத்துப் பார்ப்பதுதான். சோதனை என்று சட்டம் கேட்பதன் உயிர் இதில் இருக்கிறது. அழுத்தக் கலன்களைத் தகுதிபெற்ற ஒருவர் குறித்த காலத்தில் சோதித்துச் சான்று தர வேண்டும் என்ற விதி 1948-ஆம் ஆண்டுத் தொழிற்சாலைகள் சட்டக் காலத்திலிருந்தே இருப்பதற்கும் இதுவே காரணம்.

முதலாளி சொல்லும் நட்டமும் பொய்யல்ல. படகுகள் கரைக்கு வரும் நேரத்தில் ஐஸ் இல்லையென்றால் மீன் கெடும். வாடிக்கை அடுத்த ஆலைக்குப் போய்விடும். ஆகவே அவரிடம் மறுப்பை மட்டும் கொண்டுபோகாமல் ஒரு திட்டத்தையும் கொண்டுபோங்கள். இப்போதைக்கு, வால்வுகளை அடைத்துத் தனிமைப்படுத்தக்கூடிய பகுதிகளை ஒவ்வொன்றாக, வரத்து குறைந்த நாள்களில் அளந்து முடிப்பது. முழுச் சோதனையை இனிமேல் ஆண்டுதோறும் தடைக்காலத்தில் வைத்துக்கொள்வது. விசைப்படகுகள் கரையில் கட்டிக் கிடக்கும் அந்த 61 நாளில் ஐஸுக்குக் கேட்பு எப்படியும் குறைகிறது. படகுக்காரர்கள் அப்போதுதான் மராமத்துப் பார்க்கிறார்கள். ஆலைக்கும் அதுவே பொருத்தமான காலம். இதை எழுத்தில், தேதியிட்டுக் கொடுத்து, பிரதி ஒன்றை வீட்டில் வைத்துக்கொள்ளுங்கள். வாய்ச்சொல்லாகச் சொன்ன எச்சரிக்கை விபத்துக்குப் பிறகு யாருக்கும் நினைவில் இருக்காது.

உங்களுக்கு முன்னால் இதே இடத்தில் நின்ற ஒருவரைச் சொல்கிறேன். 1986 ஜனவரி 27 இரவு, அமெரிக்காவின் சாலஞ்சர் விண்ணோடத்தின் உந்து ராக்கெட்டுகளைச் செய்த மார்ட்டன் தியோக்கால் நிறுவனத்தின் பொறியாளர்கள், கடுங்குளிரில் இணைப்பு வளையங்கள் சரியாக அடைக்காது, ஏவ வேண்டாம் என்றார்கள். பொறியியல் பிரிவின் தலைவரை நோக்கி, பொறியாளர் தொப்பியைக் கழற்றிவிட்டு நிர்வாகித் தொப்பியை மாட்டிக்கொள்ளும்படி மேலதிகாரி ஒருவர் சொன்னதும், அவர் இணங்கியதும் விசாரணையில் வெளிவந்தன. ஏவுதளத்தில் நிறுவனத்தின் சார்பில் இருந்த ஆலன் மெக்டொனால்டு ஒப்புதலில் கையெழுத்திட மறுத்தார். அவருக்குப் பதிலாக வேறொருவர் கையெழுத்திட்டார். மறுநாள் ஏழு பேர் இறந்தார்கள். மெக்டொனால்டு விசாரணைக் குழுவிடம் உண்மையைச் சொன்னதற்காகப் பதவி இறக்கப்பட்டார், பின்னர் அமெரிக்க நாடாளுமன்றம் தலையிட்டதால் திரும்ப அமர்த்தப்பட்டு, அந்த ராக்கெட்டின் திருத்திய வடிவமைப்பையே முன்னின்று நடத்தினார். எல்லாருக்கும் முடிவு அப்படி அமையும் என்று நான் உறுதி சொல்ல முடியாது.

இராமேஸ்வரத்தில் பிறந்த அப்துல் கலாம் தாமே பலமுறை சொன்ன நிகழ்ச்சியும் உங்களுக்குப் பொருந்தும். 1979 ஆகஸ்டு 10 அன்று எஸ்.எல்.வி.-3 ராக்கெட்டின் முதல் ஏவுதலின்போது, கோளாறு தெரிகிறது, நிறுத்து என்று கணினி காட்டியது; வல்லுநர்கள் பரவாயில்லை என்றதால் திட்ட இயக்குநரான அவர் அதை மீறி ஏவ முடிவெடுத்தார்; ராக்கெட் வங்கக் கடலில் விழுந்தது. செய்தியாளர் முன் அந்தத் தோல்வியை ஏற்றுக்கொண்டவர் இஸ்ரோ தலைவர் சதீஷ் தவான். 1980 ஜூலை 18-இல் வெற்றி கிடைத்தபோது செய்தியாளரிடம் பேசக் கலாமை முன்னே அனுப்பினார். பொறுப்பு மேல்நோக்கிப் போக வேண்டும் என்பதற்கு இது சான்று. உங்கள் ஆலையில் நடப்பது தலைகீழ்: முடிவு அவருடையது, கையெழுத்து உங்களுடையது.

உங்களைக் காக்கும் அமைப்பு பலவீனமானது என்பதையும் மறைக்கக் கூடாது. மருத்துவருக்கும் வழக்கறிஞருக்கும் சட்டப்படியான பதிவும் மன்றமும் உண்டு. கட்டடக் கலைஞர்களுக்குக்கூட 1972-ஆம் ஆண்டுச் சட்டம் உண்டு. பொறியாளர்களுக்கு நாடு தழுவிய அத்தகைய சட்டம் இன்றுவரை இல்லை. 1920-இல் தொடங்கப்பட்ட இந்தியப் பொறியாளர்கள் நிறுவனத்துக்கு ஒழுக்க நெறிகள் இருந்தாலும், அதில் உறுப்பினரானவரைத்தான் அவை கட்டுப்படுத்தும். எனவே எழுதியும் பயனில்லையென்றால் தொழிலகப் பாதுகாப்பு மற்றும் சுகாதார இயக்ககத்துக்கு (முன்னாள் தொழிற்சாலைகள் ஆய்வுத் துறை) தெரிவிப்பதுதான் அடுத்த படி. வேலை போகும் என்ற அச்சம் நியாயமானது. ஆனால், அளக்காத எண்ணுக்குக் கீழே உங்கள் பெயர் இருக்கும்போது குழாய் வெடித்தால், வேலையோடு நிற்காது.

இதற்கிடையில் இன்றே செய்யக்கூடிய ஒன்று: அம்மோனியா நீரில் எளிதாகக் கரையும், காற்றோடு பரவும். கச்சான் அடிக்கும்போது ஆலையிலிருந்து எந்தத் தெருவுக்குப் போகும், வாடை அடிக்கும்போது எந்தத் தெருவுக்குப் போகும் என்று குறித்து, ஆலைத் தொழிலாளருக்கும் அக்கம்பக்கத்தாருக்கும், கசிவு வந்தால் ஈரத்துணியால் மூக்கை மூடிக் காற்றுக்குக் குறுக்கே விலகி ஓடும்படி சொல்லிவையுங்கள். இதற்கு யாருடைய அனுமதியும் தேவையில்லை.

கேள்வி: கட்டுமானப் பொறியியல் இறுதியாண்டு படிக்கிறேன். நூறாண்டு நின்ற பழைய பாம்பன் பாலத்தைக் கட்டியவர்கள் பொறுப்புள்ளவர்கள், திறக்கும் முன்பே குறை சொல்லப்பட்ட புதிய பாலத்தைக் கட்டியவர்கள் பொறுப்பற்றவர்கள் என்று வீட்டில் பேசுகிறார்கள். சரியா?
– மாணவி, இராமநாதபுரம்

பதில்: பழைய பாலம் நூறாண்டு நின்றது என்பதே பாதி உண்மை. 1914 பிப்ரவரியில் திறக்கப்பட்ட அதன் உத்திரங்களில் பெரும்பாலானவற்றை 1964 டிசம்பர் புயல் கடலுக்குள் தள்ளியது. தூண்களும், கப்பல்களுக்கு வழிவிட நடுவில் உயரும் ஷெர்ஸர் தூக்கும் பகுதியும் தப்பின. ரயில்வே பொறியாளர் இ.ஸ்ரீதரன் தலைமையில், கடலிலிருந்து மீட்ட உத்திரங்களையும் சேர்த்து, 46 நாளில் பாலத்தை மீண்டும் நிறுத்தினார்கள். 2007-இல் அகலப்பாதைக்காகப் பலப்படுத்தினார்கள். இடைப்பட்ட காலமெல்லாம் துருவைச் சுரண்டுவதும் வண்ணம் பூசுவதும் ஓயவே இல்லை. 2022 டிசம்பரில் தூக்கும் பகுதி இனித் தாங்காது என்று தெரிந்ததும் ரயிலை நிறுத்தினார்கள். நின்றது பராமரிப்பால், நிறுத்தியது பொறுப்பால்.

புதிய பாலம் 2025 ஏப்ரல் 6 அன்று திறக்கப்பட்டது. அதற்கு முன் ரயில்வே பாதுகாப்பு ஆணையர் 2024 நவம்பரில் தந்த அறிக்கையில், வடிவமைப்புக்கான தர நடைமுறை, துருப்பிடிப்பு ஆகியவை குறித்துக் குறைகளைச் சுட்டிக்காட்டி, வேகத்தைப் பொதுப்பகுதியில் மணிக்கு 75 கிலோமீட்டர், தூக்கும் பகுதியில் 50 கிலோமீட்டர் என்று வரையறுத்தார். குறையை வெளிப்படையாக எழுதும் ஒருவர் இருந்தார் என்பதையும், அது பொதுமக்கள் கண்ணுக்கு வந்தது என்பதையும் நான் நல்ல அறிகுறியாகவே பார்க்கிறேன். குறையே எழுதாத பாலத்தின்மேல் எனக்கு ஐயம் அதிகம்.

பாலம் யாருக்கு வாழ்வு தந்தது, யாருடைய பிழைப்பைக் கெடுத்தது என்ற கணக்கும் உண்டு. 1914-இல் ரயில் வந்ததும் தீவுக்கும் கரைக்கும் இடையே படகு விட்ட மரைக்காயர் குடும்பங்கள் பலவற்றின் தொழில் நொடித்தது; கலாமின் முன்னோர் குடும்பமும் அவற்றில் ஒன்று. அதே ரயில் தனுஷ்கோடியை இலங்கைக் கப்பலுக்கான துறைமுகமாக வளர்த்தது, 1964 வரை. முதற்பாலத்தில் நெம்புகோல் தள்ளித் தூக்கும் பகுதியை உயர்த்திய ஆட்களின் வேலையைப் புதிய பாலத்தில் மின்மோட்டார்கள் செய்கின்றன.

நீங்கள் வேலைக்குப் போகும்போது கையில் வருவது பாலமாக இருக்காது. பெரும்பாலும் இராமேஸ்வரத்தில் நான்கு மாடித் தங்கும் விடுதியாக இருக்கும். கான்கிரீட்டுக்கான இந்தியத் தர விதியான ஐ.எஸ். 456, கடல்நீர்த் தெறிப்புக்கு உள்ளாகும் கான்கிரீட்டில் கம்பிக்கு வெளியே 50 மில்லிமீட்டர் மூடல் கேட்கிறது, அலை ஏறி இறங்கும் இடத்தில் 75. தளத்தில் பாருங்கள்: இந்த மூடலைக் காக்கக் கம்பிக்கு அடியில் வைக்கும் கவர் பிளாக் தீர்ந்துவிட்டது என்று ஜல்லிக்கல்லை முட்டுக்கொடுத்திருப்பார்கள், கம்பி அச்சுப்பலகையைத் தொட்டுக்கொண்டிருக்கும். கலவைக்கு வந்த லாரித் தண்ணீரை வாயில் வைத்தாலே கரிக்கும். கம்பியிட்ட கான்கிரீட்டுக்கான நீரில் குளோரைடு லிட்டருக்கு 500 மில்லிகிராமைத் தாண்டக் கூடாது என்பது விதி. துருவேறிய கம்பி பருத்து உள்ளிருந்து கான்கிரீட்டை உடைக்கச் சில ஆண்டுகள் போதும். கான்கிரீட் ஊற்றும் காலையில், மேஸ்திரியும் ஒப்பந்தக்காரரும் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருக்க, ‘இதைச் சரிசெய்த பிறகு ஊற்றுங்கள்’ என்று சொல்ல உங்களால் முடிகிறதா என்பதுதான் உங்கள் தேர்வு. காரைக்குடி மத்திய மின்வேதியியல் ஆய்வகம் மண்டபத்தில் உலோகங்களைக் கடற்காற்றில் வைத்துத் துருவை ஆராயும் நிலையம் ஒன்றை நடத்துகிறது. பட்டம் வாங்குவதற்குள் ஒருமுறை அனுமதி பெற்றுப் பார்த்துவிடுங்கள்.

கேள்வி: கடல் உணவு ஏற்றுமதி நிறுவனத்தில் கணக்கும் ஆவணங்களும் எழுதுகிறேன். செயற்கை நுண்ணறிவு மென்பொருள் வருகிறது. என் வேலை போய்விடுமா?
– எழுத்தர், பாம்பன்

பதில்: தட்டச்சு வேலையில் பெரும்பகுதி போகும். ஆனால் 2010 முதல் ஐரோப்பிய ஒன்றியம், கடலில் பிடித்த கணவாய்க்கும் நண்டுக்கும், எந்தப் படகு பிடித்தது என்ற விவரம் உள்ளடங்கிய பிடிப்புச் சான்றிதழைக் கேட்கிறது. ஏலக் கூடத்தில் பல படகுகளின் சரக்கு கலந்து வந்த நாளில், விடுபட்ட கட்டத்தை மென்பொருள் ஊகித்து நிரப்பினால் யார் பதில் சொல்வது? மென்பொருளை நிறுவ வரும் பொறியாளரிடம், ஊகித்த இடங்களைத் தனி நிறத்தில் காட்டச் சொல்லுங்கள், அவற்றைச் சரிபார்ப்பவராக உங்களை ஆக்கிக்கொள்ளுங்கள்.

கேள்வி: எங்கள் மகளிர் குழு மிதவையில் கடற்பாசி வளர்க்கிறது. சூரிய உலர்த்தும் இயந்திரம் வாங்க ஒரு நிறுவனம் வற்புறுத்துகிறது. உலர்த்தினால் நல்ல விலை என்கிறார்கள்.
– கடற்பாசி வளர்ப்போர் குழு, தங்கச்சிமடம்

பதில்: மணல் ஒட்டாமல், மழையில் நனையாமல் காய்ந்த பாசிக்கு நல்ல விலை என்பது உண்மை. அந்த நன்மையில் எவ்வளவு இயந்திரத்தால் வருகிறது, எவ்வளவு பாசியைத் தரையிலிருந்து உயர்த்துவதால் வருகிறது என்று பிரித்துப் பாருங்கள். சவுக்குக் கால்களின்மேல் பழைய வலையைக் கட்டிப் பரப்பினாலே மணல் ஒட்டாது, கீழேயும் காற்று ஓடும். நல்ல வெயில் நாளில் அது போதும். மேகமூட்டமான நாள்களுக்குத்தான் உலர்த்தி பயன்படும், அந்த நாள்களில் சூரிய உலர்த்தியும் அரைகுறையாகத்தான் வேலை செய்யும்.

பத்துக் கிலோ ஈரப்பாசி காய்ந்தால் ஏறக்குறைய ஒரு கிலோ. ஒரு தடவைக்கு எத்தனை கிலோ ஈரப்பாசி கொள்ளும், எத்தனை மணிநேரம் ஆகும் என்று கேட்டு, 45 நாளுக்கொருமுறை உங்கள் மிதவைகள் எல்லாம் ஒன்றாக அறுவடைக்கு வரும்போது அது ஈடுகொடுக்குமா என்று நீங்களே கணக்குப் பாருங்கள். 2013-க்குப் பிறகு கப்பாபைக்கஸ் பாசி வெப்பத்தாலும் நோயாலும் அழிந்து உற்பத்தி சரிந்த காலத்தை உங்களில் மூத்தவர்கள் அறிவார்கள். அப்படி ஓராண்டு வந்தால் இயந்திரம் சும்மா நிற்கும், தவணை நிற்காது. வாங்கும் நிறுவனம் ஒன்றே ஒன்றுதான் என்றால், கூடுதல் விலையை எழுத்தில் பெறாமல் கடனில் இறங்க வேண்டாம். தொண்டிக்கு அருகே வலமாவூரில் 2023 செப்டம்பரில் அடிக்கல் நாட்டப்பட்ட பல்நோக்குக் கடற்பாசிப் பூங்காவில் பொது உலர்த்தும் வசதி குழுக்களுக்குக் கிடைக்குமா என்று மீன்வளத் துறை அலுவலகத்தில் விசாரித்த பிறகு முடிவெடுங்கள்.

அதன்பிறகும் வாங்குவதென்றால், தட்டுகள் எந்த எவர்சில்வர் என்று கேளுங்கள். 304 வகை உப்பில் புள்ளிபுள்ளியாக அரித்துவிடும்; 316 வகை வேண்டும். விசிறி மோட்டார் எரிந்தால் மாற்று மோட்டார் இராமநாதபுரத்திலேயே கிடைக்குமா, எத்தனை நாளில் வரும் என்பதையும் விலைப்பட்டியலிலேயே எழுதி, வந்த பொறியாளரின் பெயரோடு கையெழுத்து வாங்கிக்கொள்ளுங்கள்.